லென்ஸாகும் படலம்

ஹாலோகிராம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது வங்கி அட்டையில் மின்னும் வெள்ளிநிறச் சதுரமும் பொருள்களின் மேல் ஒட்டப்படும் பாதுகாப்பு முத்திரையும்தான். அதை நாம் ஒரு காட்சிப்பொருளாகவே அறிந்திருக்கிறோம். ஆனால் ஹாலோகிராமின் மிகப் பயனுள்ள வடிவத்தில் படம் எதுவும் தெரிவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனில் பூசப்பட்ட, ஏறக்குறைய நிறமற்ற படலம் அது. அதன் மேல் உரிய நிறத்தில், உரிய கோணத்தில் ஒளி விழுந்தால் அது குவிக்கும், திருப்பும், நிறம் பிரிக்கும். மற்ற ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடும். இதையே ஹாலோகிராஃபிக் ஒளியுறுப்பு என்கிறார்கள். போர்விமானத்தின் முகப்பிலும், பல்பொருள் அங்காடியின் பில் மேசையிலும், தொலைநோக்கியின் நிறமாலைமானியிலும் அது வேலை செய்திருக்கிறது. இப்போது மூக்குக்கண்ணாடிக்குள் நுழைய முயல்கிறது.

அடிப்படை மிக எளியது. ஒரு புள்ளியிலிருந்து விரிந்துவரும் லேசர் ஒளியையும், அதே லேசரிலிருந்து பிரித்தெடுத்த இணைகற்றையையும் ஒளியுணர் படலத்தில் சந்திக்கவிட்டால், இரண்டும் குறுக்கிட்டு நெருக்கமான வரிகளை உண்டாக்கும். படலத்தைப் பக்குவப்படுத்திய பின் இணைகற்றையை மட்டும் அதன் மேல் செலுத்தினால், அந்தப் புள்ளியிலிருந்து வந்த அலை மறுபடியும் உருவாகும். கற்றையை எதிர்த்திசையில் செலுத்தினால் ஒளி அந்தப் புள்ளியிலேயே போய்க் குவியும். ஒரு புள்ளியின் ஹாலோகிராம் என்பது ஒரு லென்ஸ். புள்ளிக்குப் பதிலாக வேறு அலைமுகத்தைப் பதிந்தால் கண்ணாடியைக் கடைந்து செய்ய முடியாத ஒளியுறுப்புகளும் கிடைக்கும். விழுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக இல்லாத ஆடியையும் இப்படிச் செய்யலாம். ஒரே படலத்தில் இரண்டு மூன்று லென்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவைக்கவும் முடியும்.

இந்த எண்ணத்தின் வேர் லேசருக்கு மிக முந்தையது. பாரிஸில் காப்ரியேல் லிப்மன் 1891-இல் குறுக்கீட்டு விளைவைக் கொண்டு, சாயம் எதுவும் இல்லாமல் வண்ணப்படம் எடுத்துக் காட்டினார். அதற்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றார். ஒளியுணர் குழம்பின் ஆழத்தில் அடுக்கடுக்காக வரிகளைப் பதியலாம் என்பதை அவர் காட்டியிருந்தார். இங்கிலாந்தின் ரக்பி நகரில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்த முயன்ற டென்னிஸ் காபர் 1947-இல் ஹாலோகிராஃபியைக் கண்டார். ஹாலோகிராமை, ஒளியைக் குவிக்கும் மண்டலத்தகட்டின் பொதுமைப்படுத்தப்பட்ட வடிவமாகப் பார்க்கலாம் என்று ஜி.எல். ரோஜர்ஸ் 1950-இலேயே எழுதிவிட்டார். அதாவது லென்ஸாகும் தன்மை முதலிலேயே தெரிந்திருந்தது. வரிகளைத் தெளிவாகப் பதியத் தேவையான ஓரியல் ஒளிதான் இல்லை. 1960-இல் லேசர் வந்தது. 1962-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத்தும் யூரிஸ் உபட்நீக்ஸும் சாய்வுக் கற்றை முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் யூரி டெனிசியூக், லிப்மனின் வழியில் எதிரொளிப்பு ஹாலோகிராமை உருவாக்கினார். 1967-இல் ஷ்வார், பாண்டியா, வைன்பர்க் மூவரும் புள்ளி ஹாலோகிராம்களை ஒளியுறுப்புகளாகப் பயன்படுத்தலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இத்துறையின் பிறப்பை அந்தக் கட்டுரையிலிருந்து கணக்கிடுவதே நியாயம் என்பது என் கருத்து. அதுவரை ஹாலோகிராம் பெரும்பாலும் படமாகவே பார்க்கப்பட்டது. அவர்கள் அதைக் கருவியாகப் பார்த்தார்கள்.

கருவி என்றால் விழும் ஒளியில் எவ்வளவை வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது என்ற கேள்வி வருகிறது. இங்கே மெல்லிய படலத்துக்கும் தடித்த படலத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நெருக்கமான வரிகளாலான மெல்லிய கீற்றணியில் ஒளி எப்படிப் பல கிளைகளாகச் சிதறுகிறது என்பதற்கான கோட்பாடு பெங்களூரில் பிறந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் ஒலியலை பாய்ந்து கீற்றணிபோல் ஆகும் திரவத்தில் ஒளி விளிம்பு விளைவுக்கு உள்ளாவதை 1935, 36 ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். இன்றும் மெல்லிய கீற்றணி ‘ராமன்-நாத் வகை’ என்றே உலகெங்கும் குறிக்கப்படுகிறது. அதன் வரம்பு கடுமையானது. ஒளியை உறிஞ்சும் மெல்லிய ஹாலோகிராம் 6.25 விழுக்காட்டுக்கு மேல் தராது. ஒளிவிலகல் எண் மாற்றத்தால் இயங்கும் மெல்லிய ஹாலோகிராமில் வரிகள் சைன் அலைபோல் ஏறியிறங்கினால் 33.9 விழுக்காடுதான் உச்சம். மீதியெல்லாம் வேண்டாத கிளைகளில் போய்விடும்.

பெல் ஆய்வகத்தின் ஹெர்விக் கோகெல்னிக் 1969-இல் தடித்த படலத்துக்கான கணக்கைக் கொடுத்தபோதுதான் பொறியாளர்களுக்கு நம்பிக்கை வந்தது. படலத்தின் ஆழம் முழுவதும் வரிகள் தகடுகளாக நின்றால், ஒவ்வொரு தகடும் அனுப்பும் சிறு அலைகள் ஒரே திசையில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். கொள்கையளவில் முழு ஒளியையும் ஒரே கிளைக்குத் திருப்பிவிட முடியும். அதற்குத் தேவைப்படும் மாற்றம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. 532 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் விலகல் எண் சராசரிக்கு மேலும் கீழும் சுமார் 0.027 ஏறியிறங்கினால் போதும். ஆனால் இந்தத் திறனுக்கு ஒரு விலை உண்டு. தடித்த ஹாலோகிராம் தான் பதிவான நிறத்துக்கும் கோணத்துக்கும் மட்டுமே பணியும்.

நிறம்தான் இத்துறையின் முழு வரலாற்றையும் தீர்மானித்திருக்கிறது. கண்ணாடி லென்ஸின் குவியத்தூரம் நிறத்துக்கு நிறம் சிறிதளவே மாறும். ஹாலோகிராஃபிக் லென்ஸில் குவியத்தூரம் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். பச்சையில் 100 மில்லிமீட்டரில் குவிக்கும் லென்ஸ், 633 நானோமீட்டர் சிவப்பை 84 மில்லிமீட்டரிலும் 450 நானோமீட்டர் நீலத்தை 118 மில்லிமீட்டரிலும் குவிக்கும். இதைக் கொண்டு பகலில் ஒரு படம் எடுத்தால் வெறும் வண்ணக் கலங்கல்தான் மிஞ்சும். கண்ணாடி லென்ஸை இது ஒழித்துவிடும் என்று தொடக்கக் காலத்தில் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் போதிய அளவு மதிக்கவில்லை. பின்னால் வந்த வெற்றி தோல்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரே விதி தெரிகிறது. ஒளி ஒரே நிறமாக இருக்கும் இடத்திலும், நிறப்பிரிகையே வேண்டப்படும் இடத்திலும் இந்தப் படலம் வென்றது. வெள்ளொளியைப் பழைய லென்ஸைப் போலக் கையாளச் சொன்ன இடத்தில் தோற்றது.

முதல் பெரிய வெற்றி விமானத்தில் கிடைத்தது. விமானி தலையைக் குனியாமலேயே வேகத்தையும் இலக்கையும் பார்க்க, எழுத்துகளைக் கண்முன் உள்ள சாய்வான கண்ணாடியில் தெரியவைக்கிறார்கள். சாதாரண அரையாடியில் ஒரு சங்கடம் உண்டு. எழுத்து பிரகாசமாகத் தெரிய எதிரொளிப்பைக் கூட்டினால் வெளியுலகம் மங்கும், வெளியுலகம் தெளிவாக வேண்டுமென்றால் எழுத்து மங்கும். அக்கால விமானத் திரைகளில் இருந்த பச்சை ஒளிர்பொருள் 545 நானோமீட்டர் அருகே மிகக் குறுகிய பட்டையில் ஒளியை உமிழ்ந்தது. ஹாலோகிராஃபிக் படலம் அந்தப் பச்சையை மட்டும் வலுவாகத் திருப்பிவிட்டு மற்ற நிறங்களை உள்ளே விட்டது. படலத்துக்கே குவிக்கும் ஆற்றலையும் கொடுக்க முடிந்ததால் விமானியின் பார்வைப் புலமும் விரிந்தது. எஃப்-16 விமானங்களின் இரவுநேரத் தாக்குதல் அமைப்புக்காக பிரிட்டனின் மார்கோனி ஏவியானிக்ஸ் செய்த அகன்ற புலத் திரை இவ்வழியில் வந்தது. அமெரிக்காவில் ஹியூஸ் நிறுவனமும் இதில் நீண்டகாலம் உழைத்தது. ஒளியின் நிறமும் படலத்தின் நிறத்தேர்வும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய இடம் அதற்குமுன் வாய்த்ததில்லை.

அடுத்தது அங்காடி. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலம் பார்கோடு மூலம் முதன்முதலாக விற்கப்பட்டது. கல்லாவில் இருப்பவர் பொருளை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் கோடுகளைப் படிக்க வேண்டும் என்றால் லேசர் கற்றை பல திசைகளில், பல தொலைவுகளில் ஓட வேண்டும். ஆடிகளாலும் லென்ஸ்களாலும் அதைச் செய்தால் கருவி பருத்துவிடும். 1980-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 3687 ஸ்கேனரில் முக்கிய உறுப்பாகச் சுழலும் ஒரு வட்டத்தட்டு இருந்தது. அதில் வரிசையாக அமைந்த ஹாலோகிராம் துண்டுகள் ஒவ்வொன்றும் கற்றையை வெவ்வேறு கோணத்தில் வளைத்து வெவ்வேறு தொலைவில் குவித்தன. பொருளில் பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியைச் சேகரித்ததும் அதே துண்டுதான். ஒளி ஒரே நிறமான சிவப்பு லேசர் என்பதால் நிறச் சிக்கல் எழவேயில்லை. பொதுமக்கள் தினமும் பயன்படுத்திய முதல் ஹாலோகிராஃபிக் கருவிகளில் ஒன்றான அதில், படம் என்று எதையும் யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவும் எந்தப் பொருளில் பதியப்பட்டது என்பதை விட்டுவிட்டுக் கோட்பாட்டை மட்டும் பேசுவது இத்துறைக்குச் செய்யும் அநீதி. எதிரொளிப்பு ஹாலோகிராமில் பச்சை ஒளியின் வரிகளுக்கிடையே உள்ள தொலைவு சுமார் 177 நானோமீட்டர். அதைத் தெளிவாகத் தாங்கும் குழம்பு வேண்டும். வெள்ளி உப்புக் குழம்பு குறைந்த ஒளியிலேயே பதியும், ஆனால் அதன் துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் படலத்தைப் புகைமூட்டமாக்கும். பெல் ஆய்வகத்தின் ஷாங்காஃப் 1968-இல் டைகுரோமேட் ஏற்றிய ஜெலட்டினை முன்வைத்தார். ஒளிபட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகும். நீரில் ஊறவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் வேகமாக நீர் நீக்கும்போது இறுகிய வரிக்கும் இறுகாத வரிக்கும் இடையில் விலகல் எண் பெரிதும் வேறுபடும். தெளிவிலும் திறனிலும் இதை மிஞ்சும் பொருள் நெடுங்காலம் வரவில்லை. ஆனால் வெள்ளி உப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஒளி கேட்கும். நீலத்துக்கும் பச்சைக்கும்தான் பணியும் என்பதால், சிவப்பில் இயங்க வேண்டிய உறுப்பை நீலத்தில் பதிந்து, அதனால் வரும் பிறழ்ச்சியைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். ஈரம் பட்டால் வரிகளே அழிந்துவிடும் என்பதால் இரு கண்ணாடிகளுக்கிடையே காற்றுப்புகாமல் ஒட்டிவைக்க வேண்டும். போதாததற்குக் குரோமிய உப்பு நச்சுத்தன்மை உடையது. பல ஆண்டுகள் கைப்பக்குவம் பழகியவர்களிடம் மட்டுமே இந்தப் படலம் ஒழுங்காக வந்தது.

ஹியூஸ் ஆய்வகத்தினர் 1969-இல் காட்டிய போட்டோபாலிமர் இந்தக் கைப்பக்குவத்திலிருந்து விடுதலை அளித்தது. ஒளிபட்ட வரிகளில் சிறு மூலக்கூறுகள் பிணைந்து பாலிமராகும். இருண்ட வரிகளிலிருந்து மேலும் மூலக்கூறுகள் அங்கே நகர்ந்து சேரும். கழுவலும் உலர்த்தலும் தேவையில்லை, பதிந்தபின் முழுப்பரப்பிலும் ஒளி பாய்ச்சினால் வேலை முடிந்தது. டூபாண்ட் நிறுவனமும், பின்னர் பேயர் நிறுவனத்திலிருந்து பிரிந்த கோவெஸ்ட்ரோவும் இதைச் சுருள் சுருளாகத் தயாரித்தன. குறை இல்லாமலில்லை. பாலிமராகும்போது படலம் ஓரிரு விழுக்காடு சுருங்கினாலும் எதிரொளிக்கும் நிறம் பச்சையில் ஐந்து, பத்து நானோமீட்டர் தள்ளிப்போகும். குறுகிய பட்டையில் இயங்கும் லேசருக்கு அது பெரிய விலகல்.

இந்த வேதியியல் வரலாற்றில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றியபின் ஆஸ்திரேலியா சென்ற பி. ஹரிஹரன், ஹாலோகிராஃபிப் பொருள்களையும் குறுக்கீட்டு அளவியலையும் ஆழமாக ஆராய்ந்தார். 1984-இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்த அவருடைய ‘ஆப்டிகல் ஹாலோகிராஃபி’ உலகெங்கும் மாணவர்களுக்கு அடிப்படை நூலாக நின்றது. ஒளிப்படக் குழம்பைப் பூசும் ஆலையும் ஹாலோகிராம் ஆய்வும் ஒரே மனிதரிடம் சந்தித்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

வானியலுக்கு வருவோம். இங்கே நிறப்பிரிகைதான் வேலையே. நட்சத்திர ஒளியை நிறமாலையாக விரிக்க நெடுங்காலம் வைர முனையால் கீறிய கீற்றணிகளையே நம்பியிருந்தார்கள். 1998-இல் அமெரிக்காவின் சாமுவேல் பார்டனும் உடன்பணியாளர்களும், ஜெலட்டினில் பதிந்த தடித்த ஹாலோகிராஃபிக் கீற்றணிகளை வானியலுக்குப் பயன்படுத்தலாம் என்று விரிவாகக் காட்டினார்கள். உச்சத் திறன் 90 விழுக்காட்டைத் தாண்டும். படலம் இரு கண்ணாடிகளுக்கிடையே இருப்பதால் துடைத்துச் சுத்தம் செய்யலாம், கீறிய கீற்றணியில் விரல் பட்டாலே பாழ். தொலைநோக்கிக்கு வரும் ஃபோட்டான்களில் பல கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணப்பட்டு வந்தவை என்னும்போது இந்தத் திறனின் அருமை புரியும். மிக விரைவாகவே உலகின் பெரிய நிறமாலைமானிகள் இதற்கு மாறின. சிலியில் மிகப்பெரும் தொலைநோக்கியில் இயங்கும் மியூஸ் கருவியின் 24 நிறமாலைமானிகளிலும் இவைதான் உள்ளன. இருண்ட ஆற்றலை ஆராய அரிசோனாவின் கிட் பீக்கில் அமைக்கப்பட்ட டெசி கருவி 5,000 ஒளியிழைகள் வழியாக வரும் ஒளியைப் பத்து நிறமாலைமானிகளுக்கு அனுப்புகிறது. அங்கும் இவைதான்.

ஹப்பிள் தொலைநோக்கியின் கதை இந்த உறுப்புகளின் ஆற்றலை இரு விதமாகக் காட்டுகிறது. 1990-இல் விண்ணுக்குச் சென்றபின், அதன் முதன்மை ஆடி தவறான வடிவில் தீட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. ஆடியைச் சோதித்த கருவியில் ஓர் உறுப்பு 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி அமைந்ததே காரணம். சோதிக்கும் கருவியையே சோதிக்க ஒரு வழி வேண்டும் என்ற பாடத்தை வானியலாளர்கள் அப்போது கற்றார்கள். அந்த வழிகளில் முதன்மையானது கணினியில் கணக்கிட்டு வரைந்த ஹாலோகிராம். உலகில் இல்லாத ஒரு முழுநிறைவான ஆடியிலிருந்து ஒளி எப்படித் திரும்பும் என்பதைக் கணக்கிட்டு, அந்த வரிகளைக் கண்ணாடியில் பொறிக்கிறார்கள். அடால்ஃப் லோமன் ஐபிஎம்மில் 1960-களின் நடுவில் தொடங்கிவைத்த கலை இது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடித் துண்டுகள் இத்தகைய ஹாலோகிராம்களைக் கொண்டு சோதிக்கப்பட்டன. 2009-இல் ஹப்பிளில் பொருத்தப்பட்ட காஸ்மிக் ஆரிஜின்ஸ் நிறமாலைமானி இன்னொரு உதாரணம். தொலைப் புறஊதாக் கதிர் ஒவ்வோர் ஆடியிலும் கணிசமான பகுதியை இழந்துவிடும், எனவே ஆடிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அந்தக் கருவியின் தொலைப் புறஊதாப் பாதையில் ஒரே ஹாலோகிராஃபிக் கீற்றணி நிறம் பிரித்தது, குவித்தது, முதன்மை ஆடியின் கோளப் பிறழ்ச்சியையும் திருத்தியது. ஒரே பரப்பில் மூன்று வேலை. இத்துறையின் சிறந்த சாதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நாசாவின் கோடார்டு மையம் வளிமண்டலத்தை லேசரால் அளக்கச் சுழலும் ஹாலோகிராம் தட்டையே தொலைநோக்கியாகப் பயன்படுத்தியது. கனத்த தொலைநோக்கியைச் சுற்றும் தொல்லை அதனால் நீங்கியது. அங்கும் லேசர், ஒரே நிறம். சூரிய ஒளியைக் குவிக்க இந்தப் படலத்தைப் பயன்படுத்தும் முயற்சி 1980-களிலிருந்து நடக்கிறது. நிறங்களைப் பிரித்து வெவ்வேறு மின்கலங்களுக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் அழகானதுதான். ஆனால் சூரியன் நகர்கிறது, நிறங்களோ பல. இதற்கிடையில் சிலிக்கான் பலகைகள் மலிவாகிக்கொண்டே போயின. இம்முயற்சி பெருந்தொழிலாக வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று பணமும் ஆய்வும் குவிவது மூக்குக்கண்ணாடியில். எதிரே உள்ள உலகம் அப்படியே தெரிய வேண்டும், அதன் மேல் எழுத்தும் படமும் மிதக்க வேண்டும். போர்விமானத் திரையின் அதே தேவை. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில், கண்ணாடியின் காதுக்கம்பியில் உள்ள சிறு லேசர் படவீழ்த்தி, லென்ஸில் ஒட்டிய போட்டோபாலிமர் படலத்தின் மேல் படத்தை வரையும், படலம் அதைக் கண்மணிக்குத் திருப்பும். கனடாவின் நார்த் நிறுவனம் ஃபோகல்ஸ் என்ற பெயரில் இதை விற்றது. பார்க்கச் சாதாரணக் கண்ணாடி போலவே இருந்தது. ஆனால் ஒளி கண்மணியில் விழும் இடம் மிகச் சிறியது என்பதால் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. 2020-இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது, கண்ணாடியின் சேவை நின்றுபோனது. இன்னொரு வழியில், ஒளியைக் கண்ணாடியின் ஓரத்தில் உள்ளே செலுத்தி, முழு அகஎதிரொளிப்பால் கண்ணாடிக்குள்ளேயே ஓடவிட்டு, கண்ணுக்கு நேரே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறார்கள். இதில் பார்க்கும் இடம் விரிகிறது, ஆனால் உள்ளே செல்லும் ஒளியில் மிகச் சிறு பங்கே கண்ணை அடைகிறது. நிறங்கள் பார்வைப் புலத்தில் சீராக விழுவதில்லை. அறை விளக்குகள் வானவில்லாகச் சிதறுகின்றன.

இந்த வழியில் படலத்துக்குக் கடும் போட்டியும் உண்டு. 2016-இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் பெயரில்தான் ஹாலோகிராம், அதன் கண்ணாடியில் இருப்பவை பரப்பில் அச்சிட்ட கீற்றணிகள். அச்சு ஒன்றைச் செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் பிரதியெடுக்கலாம் என்பது அவற்றின் பலம். 2011-க்குப் பிறகு ஹார்வர்டின் ஃபெடரிகோ கபாசோ குழுவினர் வளர்த்த நுண்தூண் லென்ஸ்களும் சில்லு ஆலைகளிலேயே தயாராகின்றன. ஆனாலும் குறித்த ஒரு நிறத்தை மட்டும் திருப்பி மற்றவற்றை மாசின்றி விடும் வேலையில் தடித்த படலத்துக்கு இன்னும் ஈடில்லை. 2018-இல் ஆப்பிள் வாங்கிய அகோனியா நிறுவனத்தின் பின்னணி இதைச் சொல்கிறது. ஹாலோகிராமில் தரவைச் சேமிக்கும் முயற்சியிலிருந்து வந்த நிறுவனம் அது. தரவுச் சேமிப்பு சந்தையைப் பிடிக்கவில்லை, அதற்காக உருவாக்கிய படலம் கண்ணாடிக்குப் பொருந்தியது. 2020-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் ஹாலோகிராஃபிக் படலத்தையும் லேசரையும் இணைத்து, 9 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் சுமார் 90 பாகை புலமுள்ள மெய்நிகர்க் கண்ணாடியின் மாதிரியைக் காட்டினார்கள். அங்கே லேசர் ஏன் வந்தது என்று பாருங்கள். படலத்தை வெள்ளொளிக்குப் பழக்க முயலாமல், ஒளியைப் படலத்துக்கு ஏற்றதாக மாற்றினார்கள். வழி அதுதான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். குறுகிய பட்டையில் ஒளிரும் சிறிய, மலிவான லேசர்கள் வந்துசேரும் வேகம்தான் இந்தக் கண்ணாடிகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளம் இல்லாமலில்லை. சண்டிகரின் மத்திய அறிவியல் கருவிகள் அமைப்பு தேஜஸ் விமானத்தின் முகப்புத் திரையை உருவாக்கியது. டேராடூனின் பாதுகாப்பு ஆய்வகம் ஹாலோகிராஃபிக் குறிபார்ப்பிகளில் உழைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர்.எஸ். சிரோஹி ஒளியியல் அளவியலில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களைப் பயிற்றுவித்தார். கணக்கும் வடிவமைப்பும் நமக்குத் தெரியும். பின்தங்கியிருப்பது படலத்தில். சீரான தடிமனில், மாசில்லாமல் குழம்பு பூசும் தொழில்நுட்பம் உதகையின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் ஒரு காலத்தில் இருந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது, அதோடு அந்தக் கைப்பக்குவமும் சிதறியது. இத்துறையின் அறுபதாண்டு வரலாற்றில் முன்னேற்றம் ஒவ்வொன்றும் புதிய பொருளோடுதான் வந்திருக்கிறது, ஜெலட்டினோடு ஒன்று, போட்டோபாலிமரோடு இன்னொன்று. எனவே நம் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகள் லேசர் மேசையை மட்டும் வாங்கிவைத்தால் போதாது. பக்கத்துக் கட்டடத்திலிருக்கும் வேதியியல் துறையினரையும் பாலிமர்ப் பொறியாளர்களையும் சேர்த்துக்கொண்டு, பதியும் பொருளை இங்கேயே செய்யும் ஆய்வுக்கு இடமும் நிதியும் ஒதுக்க வேண்டும்.